முயலை ஜோடியாக வாங்குவதற்கு முன்னால்

முயல் வாங்கப் போனால் ஒற்றை முயலை யாரும் லேசில் கொடுப்பதில்லை. "ஜோடியா எடுத்துக்கோங்க, தனியா இருந்தா ஏங்கியே செத்துடும்" என்பார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆரம்பித்து ஊர்ப்பக்கத்து வாரச்சந்தை வரைக்கும் இதே பேச்சுதான். இதில் பாதி உண்மையும் இருக்கிறது, முயல் கூட்டமாக வாழ்கிற பிராணி, தனிமை அதற்கு ஆகாது. ஆனால் கூண்டுக்குள் கையை விட்டு விற்கிறவர் எடுத்துத் தருகிற அந்த ஜோடி ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தங்கையாக இருக்கலாம், இரண்டும் ஆணாகவே இருக்கலாம், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாமல் இருக்கலாம். இதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். பல நேரம் அவருக்கே தெரியாது. நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் கூண்டைப் பார்த்தால், முடி இல்லாமல் கண் திறக்காமல் ஆறேழு குட்டிகள் கம்பி வலை மேல் சிதறிக் கிடக்கும். எனக்கு வருகிற போன்களில் பாதி அந்த மாதிரிக் காலைகளில் வருபவை.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. திருச்சிப் பக்கம் வேப்பமர நிழலில் கூண்டு போட்டு முயல் வளர்ப்பவன், எப்போதாவது குட்டி எடுப்பவன். மருந்து, ஊசி பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. முயலின் உடம்பு எப்படி வேலை செய்கிறது, குட்டி வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும், வேண்டாமென்றால் அதைவிட முக்கியமாக என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுக்கு 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். கத்தும், வழும்பு போடும், நமக்குத் தெரிந்துவிடும். நாய்க்கும் ஆட்டுக்கும் அதற்கதற்கு ஒரு கணக்கு உண்டு. முயலுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. சினைப்பையில் முட்டைகள் ஒரு தொகுதி முதிர்வதும் அது மங்க அடுத்த தொகுதி எழும்புவதுமாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் முட்டை தானாக வெளியே வராது. ஆண் முயல் சேர்ந்த பிறகுதான் அந்தத் தூண்டுதல் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் சுரந்து, 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். பூனைக்கும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். அதனால் "பருவத்துக்கு வராத நாளாகப் பார்த்து இரண்டையும் ஒன்றாக விட்டுக்கொள்ளலாமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில், அப்படி ஒரு நாளை நம்பி விடாதீர்கள் என்பதுதான். இரண்டு நிமிடம் போதும். ஒரு ஆண் முயலுக்குச் சேர்வதற்கு அதில் கால்வாசி நேரம்கூட ஆகாது.

எல்லா நாளும் பெண் முயல் ஒத்துக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தொகுதி முட்டை மங்கி அடுத்தது எழும்புகிற இடைவெளியில் ஓரிரு நாள், சில சமயம் அதற்கும் மேலே, ஆணைப் பக்கத்திலேயே சேர்க்காது. இதை இன உறுப்பின் நிறத்தைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். வெளுத்து, காய்ந்த மாதிரி இருந்தால் இப்போது வேண்டாம் என்று அர்த்தம். நல்ல சிவப்பாக, ஈரமாக, லேசாகப் புடைத்திருந்தால் சேரும். கருஞ்சிவப்பு தாண்டி ஊதாவுக்குப் போய்விட்டால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது. நிறம் ஒரு குறிப்புதான். வெளுத்த நாளிலும் சினையான முயல்களைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்தால்தான் முட்டை வரும் என்பதால் ஒரு வேடிக்கையும் நடக்கும். இரண்டு பெண் முயல்களை ஒன்றாக வைத்திருப்பீர்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறும், யார் பெரியவள் என்று காட்டுவதற்காக. அந்தத் தூண்டுதலே போதும், முட்டை வெளிவந்து உடம்பு சினை என்று நம்பிவிடும். ஆண் சேர்ந்தும் கரு தங்காமல் போனாலும் இதே கதைதான். மடி லேசாகப் பெருக்கும், வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அலையும், கூண்டில் கை விட்டால் உறுமிக்கொண்டு பாயும், கடைசியில் வயிற்று முடியைப் பிய்த்துக் கூடு கட்டும். குட்டி மட்டும் இருக்காது. இந்தப் பொய்ச்சினை 16 முதல் 18 நாளில் தானாக முடிந்துவிடும். உண்மையான சினை என்றால் முடி பிய்ப்பது கடைசி ஒன்றிரண்டு நாளில்தான், அதாவது 30 நாளை ஒட்டி. "பாதி மாசத்துலயே கூடு கட்டிடுச்சு, குட்டி எங்கே?" என்று யாராவது கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். எதுவும் செய்ய வேண்டாம், கட்டின கூட்டைக் கலைக்காமல் விட்டுவிட்டால் போதும்.

சினைக்காலம் 31 நாள். ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். அப்புறம் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று, குட்டி போட்ட அன்றைக்கே பெண் முயல் மறுபடி சேரும், சினையும் ஆகும். ஒரு கையில் ஆறு குட்டிக்குப் பால், வயிற்றில் அடுத்த ஆறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 1-ஆம் தேதி சேர்ந்தது, ஆண் அதே கூண்டில் இருக்கிறது. பிப்ரவரி 1-இல் முதல் ஈத்து. மார்ச் 4-இல் இரண்டாவது, அப்போது முதல் ஈத்துக் குட்டிகளுக்கு ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. ஏப்ரல் 4, மே 5. ஈத்துக்கு ஆறு என்று வைத்தால் நாலு மாதத்தில் 24 குட்டி. அது போதாதென்று ஜூன் வரும்போது முதல் ஈத்துப் பெண் குட்டிகள் வயசுக்கு வந்து நிற்கும், அவற்றோடு அண்ணன் தம்பிகளும் அப்பாவும் அதே கூண்டில். காகிதக் கணக்குதான், நிஜத்தில் கரு தங்காத மாதம் இருக்கும், சாகிற குட்டிகள் இருக்கும். சாகிற குட்டிகளை நம்பிக் கணக்கைச் சரிக்கட்டுவதற்கு வளர்ப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

சரி, எதற்காகக் குட்டி எடுக்க வேண்டும்? கேட்டால் மூன்று பதில்கள் வரும். பிள்ளைகள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்பது முதலாவது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஆறு உயிர் தேவையில்லை, குட்டி போட்ட வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது, "ஒரு தடவையாவது தாயாகட்டும், இல்லேன்னா உடம்புக்கு ஆகாது." இது வெறும் நம்பிக்கை. கருப்பையில் வருகிற புற்றுநோய் பெண் முயல்களுக்கு மிக அதிகம், நாலு வயசு தாண்டினவற்றில் சில ரகங்களில் பாதிக்கு மேல் வருவதாக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. குட்டி போட்டதா போடவில்லையா என்பதால் அதில் வித்தியாசம் ஏற்படுவதாகத் தெரியவில்லை. அதைத் தடுப்பது ஆபரேஷன் ஒன்றுதான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்றாவது பதில், பணம். கறிக்காகப் பண்ணை வைப்பது வேறு தொழில், அதற்குத் தனிக் கணக்கும் தனி அறிவும் வேண்டும், அதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. வீட்டு மாடியில் இரண்டு கூண்டு வைத்துக் குட்டி விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னாலோ, "குட்டியை நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம்" என்று ஜோடியைத் தலையில் கட்டினாலோ கொஞ்சம் யோசியுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி விஷயத்தில் இதே மாதிரி வாக்குக் கொடுத்து முதலீடு வாங்கி ஏமாற்றியது இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

நான் வைத்திருக்கிற கட்டுப்பாடு சின்னது. சேர்ப்பதற்கு முன்னாலேயே பாதிக் குட்டிகளுக்காவது வீடு சொல்லி வைத்திருக்க வேண்டும், அந்த வீட்டுக்காரரின் கூண்டை நான் பார்த்திருக்க வேண்டும், மிச்சப் பாதியை ஆயுசுக்கும் நானே வைத்துக்கொள்ள இடம் இருக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு முதல் பத்து வருஷம் இருக்கும். இந்தக் கட்டுப்பாட்டால் பல வருஷங்கள் குட்டியே எடுக்காமல் போயிருக்கின்றன. போகட்டும்.

இதற்கு மேலும் குட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் ஜோடியைப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினவை கூடப்பிறந்தவையாக இருக்க நிறைய வாய்ப்பு, அவற்றைச் சேர்க்க வேண்டாம். சின்ன ரகம் நாலு மாதத்திலேயே சினைப்படும், நடுத்தரம் ஐந்தாறு மாதம், ஜயண்ட் ரகங்களுக்கு எட்டு மாதமாவது ஆகும். சினைப்பட முடியும் என்பதற்காகவே சேர்த்துவிட வேண்டாம், வளர்ச்சி நிற்கும்வரை பொறுங்கள். "ஒரு வருஷத்துக்குள்ள முதல் குட்டி போடலேன்னா இடுப்பெலும்பு ஒட்டிக்கும்" என்று இணையத்தில் படித்துவிட்டு அவசரப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அது கினிப் பன்றிக்குச் சொன்னது, முயலுக்கு இல்லை. முயலில் பிரச்சினை கொழுப்பு. அடைத்துவைத்துப் பெல்லட்டாக, அதாவது கடையில் விற்கிற குச்சித் தீவனமாகப் போட்டுக் கொழுத்த முயல் சினைப்படுவதும் கஷ்டம், சினைப்பட்டால் கடைசி வாரத்தில் திடீரென்று தீனியை நிறுத்திவிட்டுச் சாய்வதும் உண்டு.

சின்னப் பெண்ணுக்குப் பெரிய ஆணைச் சேர்க்கக் கூடாது, குட்டி வழியில் மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் "இது வளரவே வளராது சார், ட்வார்ஃப்" என்று விற்கிற வெள்ளை முயலில் பாதி, கறிக்கான வெள்ளை ஜயண்ட் அல்லது நியூசிலாந்து வெள்ளையின் குட்டி. வளர்ந்தால் நாலு கிலோ. நிஜமான ட்வார்ஃபிலும் ஒரு சிக்கல் உண்டு, குள்ளமாக்கும் அந்த மரபணு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்துவிட்ட குட்டி பிழைக்காது. இரண்டு உண்மையான ட்வார்ஃபைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு அப்படிப் போகும், பிறக்கும்போதே மற்றவற்றில் பாதி அளவுதான் இருக்கும், சில நாளில் செத்துவிடும். வெள்ளையில் புள்ளி போட்ட இரண்டைச் சேர்ப்பதிலும் இதே நாலில் ஒன்று கணக்கு வரும், அந்தக் குட்டிகள் கிட்டத்தட்ட முழு வெள்ளையாகப் பிறக்கும், அவற்றில் சிலவற்றுக்குக் குடல் சரியாக வேலை செய்யாது. அழகுக்காக இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. முன்பல் கோணலாக வளர்கிற முயல், எப்போதும் மூக்கு ஒழுகுகிற முயல், காரணம் இல்லாமல் கடிக்கிற முயல், இவற்றில் எதையும் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் வெயில். இதைப் பற்றி ஆங்கிலத் தளங்களில் படித்தால் நமக்குப் பயன் குறைவு, அவர்கள் குளிரைப் பற்றியே எழுதுவார்கள். ஐரோப்பாவில் காட்டில் வாழ்கிற முயலுக்குப் பகல் நீளும்போது இனப்பெருக்கக் காலம் தொடங்கும். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை, இங்கே காலத்தை முடிவு செய்வது சூடு. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். 30 டிகிரிக்கு மேல் பல நாள் தொடர்ந்து இருந்தால் ஆண் முயலின் விந்து கெட்டுப்போகும். ஏப்ரல் மே மாதங்களில் திருச்சியிலும் வேலூரிலும் 40 டிகிரி தொடுகிறது, அந்த நேரத்தில் சேர்த்தால் கரு தங்குவது அபூர்வம், தங்கினாலும் சினை முயல் வெப்பத்தில் சுருண்டு விழும் ஆபத்து பெரிது. வெயில் குறைந்த மறுநாளே ஆண் சரியாகிவிடுவதும் இல்லை. புது விந்து உருவாகி வர இரண்டு மாதம் ஆகும். அதனால்தான் சித்திரை வைகாசியில் சேர்ப்பதே இல்லை, ஆடி கழியட்டும் என்று விட்டுவிடுவேன். கொடைக்கானல் மன்னவனூரிலும் நீலகிரி சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சிப் பண்ணைகளில் வெள்ளை ஜயண்டும் சோவியத் சின்சில்லாவும் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அதே ரகத்தைத் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு "குட்டியே தங்க மாட்டேங்குது" என்றால் எப்படித் தங்கும்?

சேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் முயல் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆணைக் கடித்துக் குதறிவிடும், விதையைக் கடித்த கதைகள்கூட உண்டு. பக்கத்திலேயே நில்லுங்கள். காலை அல்லது மாலை, தீனிக்கு முன்னால். சேர்ந்து முடிந்ததும் ஆண் ஒரு சின்ன முனகலோடு பக்கவாட்டில் தொப்பென்று விழும், புதிதாகப் பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பயப்படுவார்கள். அதுதான் அடையாளம். சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை விடலாம், பிறகு அதனதன் கூண்டு. ஐந்து நிமிடத்தில் சேரவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், பெண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு சேர்க்கிற வேலை வேண்டாம். இரண்டு பெண்களை ஒரே நாளில் சேர்ப்பது நல்ல பழக்கம், ஏன் என்று பின்னால் வரும்.

தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 12-ஆம் நாளை ஒட்டி, பழகின கை அடிவயிற்றைத் தடவினால் திராட்சை அளவில் உருண்டைகள் நழுவும். பழகாத கை அழுத்தினால் கரு கலையும், தெரியாதவர்கள் பொறுத்திருந்தே தெரிந்துகொள்ளலாம். தீனியை முதல் இரண்டு வாரம் ஏற்றாமல், கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும், அதோடு வேலிமசால், குதிரைமசால் மாதிரித் தீவனத் தழை, கொஞ்சம் அகத்தி. சவுண்டல் (சுபாபுல்) தழையை அளவு மீறிப் போட்டால் முடி கொட்டும், சினை முயலுக்கு வேண்டாம். கேரட்டும் பழம் மாதிரிதான், ஆசைக்குச் சின்னத் துண்டு போதும்.

28-ஆம் நாள் குட்டி ஈனும் பெட்டியை வைக்க வேண்டும். மரப்பெட்டி நல்லது, தாய் திரும்புகிற அளவுக்கு மட்டும் பெரிதாக, முன்பக்கத்தில் குட்டி உருண்டு வெளியே வராத உயரத்துக்கு ஒரு தடுப்போடு. உள்ளே வைக்கோல் அல்லது காய்ந்த புல். தேங்காய் நார் வேண்டாம், குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். அதற்கு மேல் தாய் தன் முடியைப் பிய்த்துப் போட்டு மெத்தை செய்துகொள்ளும். பெரும்பாலும் விடியற்காலையில் குட்டி போடும், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், நாம் எழுந்து பார்க்கும்போது முடி மூட்டை மட்டும் லேசாக அசைந்துகொண்டிருக்கும். 32 நாள் தாண்டியும் போடவில்லை என்றால், அல்லது முக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அவதிப்பட்டால், நேரே டாக்டர். கடையில் ஊசி வாங்கி நாமே போடுகிற வேலை உயிரை வாங்கும்.

குட்டி போட்ட அன்றே பெட்டிக்குள் கை விட்டுப் பார்க்க வேண்டும். "மனுசன் கை பட்டா தாய் சேர்க்காது" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள், உங்களைத் தெரிந்த வீட்டு முயல் அப்படிச் செய்யாது. கையைத் தாயின் முதுகில் தடவிவிட்டு, அதற்குக் கொஞ்சம் கீரையைக் கொடுத்துவிட்டு, குட்டிகளை எண்ணுங்கள். செத்ததை எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டால் தாய் தின்னத் தொடங்கும். "தாயே குட்டியைத் தின்னுடுச்சு" என்பதற்கு இது ஒரு காரணம், தண்ணீர் இல்லாதது இன்னொரு காரணம், நாய் குரைப்பிலும் வெடிச் சத்தத்திலும் மிரண்டு போவது மூன்றாவது. தீபாவளியை ஒட்டி ஈத்து வருகிற மாதிரி ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

அடுத்த பயம், "தாய் குட்டிகிட்டயே போகல." போகாதுதான். முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, அதுவும் மூன்று நாலு நிமிடம்தான் பால் கொடுக்கும். பெரும்பாலும் இரவில் அல்லது விடியலில். மீதி நேரம் தள்ளியே இருக்கும், காட்டில் நரிக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வந்த பழக்கம் அது. பால் அவ்வளவு கெட்டி, பசும்பாலைவிட மூன்று மடங்குக்கும் மேல் புரதமும் கொழுப்பும். எனவே தாய் போனதா என்று காத்திருந்து பார்க்க வேண்டாம், காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டையாக, தோல் வழியாக வெள்ளையாகத் தெரியும். குடிக்காதது சுருங்கிப்போய் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து சுருங்கியிருந்தால்தான் கவலை.

நாயும் பூனையும் குட்டியைக் கவ்வித் தூக்கும். முயல் தூக்காது. காம்பைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்கு வெளியே வந்து விழுந்த குட்டி அங்கேயே கிடந்து சில்லிட்டுச் சாகும், தாய் அதைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போகும். கல்நெஞ்சு என்று திட்ட வேண்டாம், திரும்பக் கொண்டுவருகிற பழக்கம் அதன் உடம்பிலேயே இல்லை. உள்ளங்கையில் வைத்துச் சூடு ஏற்றிவிட்டு நாம்தான் பெட்டிக்குள் விட வேண்டும்.

நம் ஊரில் இந்த முதல் பத்து நாளில் குட்டியைக் கொல்வதில் முதல் இடம் எறும்புக்கு. பால் வாசனைக்குச் சாரிசாரியாக வரும், கண் திறக்காத குட்டியை ராத்திரியில் மொய்த்துவிடும். கூண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்புப் பொடி தூவ வேண்டாம். பெருச்சாளி, பூனை, பாம்பு, காக்கை எல்லாம் அடுத்தடுத்து வரிசையில் நிற்கும், வலைக் கண் சின்னதாக இருக்க வேண்டும்.

தாய் செத்துப்போனால் அல்லது மடி கல்லாகிப் பால் கொடுக்க முடியாமல் போனால் குட்டிகளுக்கு ஒரே நல்ல வழி வேறு தாய். ஒரே நாளில் இரண்டைச் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான். இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் குட்டி போட்ட இன்னொரு முயல் இருந்தால், அதன் குட்டிகளுக்கு நடுவே இவற்றைப் புதைத்து வைத்துவிடலாம், எண்ணத் தெரியாது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் பூனைக்குட்டிக்கான பால்மாவில் ஆட்டுப்பால் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிழைப்பது குறைவு. பாட்டிலில் பசும்பால் கொடுத்து நுரையீரலுக்குள் போய்ச் செத்தவைதான் அதிகம்.

10 முதல் 12 நாளில் கண் திறக்கும், மூன்றாவது வாரம் பெட்டியை விட்டு வெளியே தாவி, தாயின் தீனியைக் கொறிக்கத் தொடங்கும். இந்த இடத்தில்தான் வியாபாரம் மூக்கை நுழைக்கிறது, ஏனென்றால் நாலு வாரக் குட்டி பார்க்க அவ்வளவு அழகு. அந்த வயசில் அதன் குடல் பாலிலிருந்து புல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அப்போது தாயைப் பிரித்து, அட்டைப்பெட்டியில் பஸ்ஸில் ஏற்றி, புது வீட்டில் முட்டைக்கோஸ் போட்டால் இரண்டு நாளில் கழிச்சல், மூன்றாம் நாள் குட்டியே இல்லை. வாங்கினவர் "முயல் ரொம்ப சென்சிடிவ் சார்" என்பார். எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு குட்டியையும் நான் கொடுப்பதில்லை. 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி இப்படி விற்கிற கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்கப் போகும்போது பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதிலிருந்தே தெரிந்துவிடும்.

இடையில் ஒன்று, வயலில் அறுப்பு நேரத்தில் கிடைத்த குட்டியை எடுத்து வந்து "இதை வீட்டு முயலோடு சேர்க்கலாமா" என்று கேட்பவர்கள் உண்டு. அது காட்டு முயல், வேறு இனம். அதற்கு 48 குரோமோசோம், வீட்டு முயலுக்கு 44, சேர்த்துக் குட்டி எடுக்க முடியாது. அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், தாய் ராத்திரி வரும்.

ஆண் பெண் பிரிப்பதற்கு வருவோம். எட்டாவது வாரத்தில் வாலுக்கு முன்னால் மெதுவாக விரலால் அழுத்திப் பார்த்தால் ஆணுக்கு வட்டமாக முனை எழும்பும், பெண்ணுக்கு நீளவாக்கில் ஒரு பிளவு. சின்ன வயசில் ரொம்பக் குழப்பும், தேர்ந்தவர்களே தப்பாகச் சொல்வார்கள், அதனால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 10 முதல் 12 வாரத்தில் ஆணுக்கு விதை இறங்கிவிடும். அதற்குள் ஆண் குட்டிகள் ஒரு பக்கம், பெண் குட்டிகள் ஒரு பக்கம் போயாக வேண்டும், தாயிடமிருந்தும் ஆண் குட்டிகளைப் பிரித்தாக வேண்டும். அண்ணன் தம்பிதானே என்று ஆண்களை ஒன்றாக வளர்த்தால் நாலு மாதத்தில் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும்.

ஜோடியாகவும் இருக்க வேண்டும், குட்டியும் வேண்டாம் என்றால் ஆபரேஷன் தவிர வழியில்லை. முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகின டாக்டர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நாய் பூனைக்குத் தினமும் செய்கிற டாக்டராக இருந்தாலும், முயலுக்கு எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது பக்கமோ அங்கே விசாரிப்பது நல்ல தொடக்கம். முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள் என்று யாராவது சொன்னால் வேறு இடம் பாருங்கள், முயலுக்கு வாந்தி எடுக்க வராது, பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில் அது புல்லைக் கடிக்க வேண்டும், புழுக்கை போட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே திரும்ப டாக்டரிடம் போக வேண்டும்.

செலவுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் ஆணுக்குச் செய்யுங்கள், சுலபமான வேலை, சீக்கிரம் ஆறும். பெண்ணுக்குச் செய்தால் புற்றுநோய்ப் பயமும் போகும் என்பதால் முடிகிறபோது அதையும் செய்துவிடுவது நல்லது. ஆணுக்குச் செய்த அன்றைக்கே இரண்டையும் ஒன்றாக விட்டுவிடாதீர்கள், குழாயில் தங்கியிருக்கிற விந்து சில வாரம் உயிரோடு இருக்கும். நாலிலிருந்து ஆறு வாரம் வரை பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி, ஆனால் வலையைத் தாண்ட முடியாத மாதிரி வையுங்கள். அதற்குப் பிறகு இரண்டுக்கும் புதிதான ஒரு இடத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, தினம் கொஞ்ச நேரம் விட்டுப் பழக்குங்கள்.